பாலையடியில் கவிழ்த்த கூடை

புயல் கரையேறிப் போன நான்காம் நாள் காலையில் தமிழரசி தன் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். தர்மலிங்கத்துக்கு அது தெரியவே மத்தியானம் ஆகிவிட்டது. நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற ஆள் அவன். கிழிந்த வலையும் ஊசியும் நைலான் நூலும் மடியில் இருந்தால் பொழுது போவது தெரியாமல் பொத்திக்கொண்டிருப்பான். வீடு அமைதியாக இருந்ததை, புயல் ஓய்ந்தபின் எங்கும் இருக்கிற அமைதி என்றே நினைத்துக்கொண்டான். சோற்றுத் தட்டை அவள் வைத்த சத்தத்தில்தான் சங்கதி புரிந்தது. தட்டில் வெறும் சோறு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பின் வாசனை மட்டும் அடுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“குழம்பு?” என்றான்.

தமிழரசி அடுப்பைப் பார்த்துப் பேசினாள். “கை தூக்கத் தெரிஞ்சவங்களுக்குக் கரண்டி தூக்கத் தெரியாதா?”

தர்மலிங்கம் தலையைக் குனிந்துகொண்டான். முந்தின நாள் சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் நடந்தது. புயலில் சாய்ந்த பாலைமரத்தை மரவாடிக்காரருக்குக் கொடுத்துவிட்டு, இடிந்துபோன கோயில் மதிலை எடுத்துக் கட்டுவது என்று தலைவர் சிவநாதன் சொன்னார். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார். எல்லோர் கையும் போனது. தர்மலிங்கத்தின் கையும் போனது. கோயிலை ஒட்டிய வீட்டில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கமலாம்பாள், “ஒன் வூட்டுக்காரரு கைதான்டி மொதல்ல போச்சு” என்று ஓடிவந்து சொன்னாள். உண்மையில் அவன் கை கடைசியில்தான் போனது. கமலாம்பாள் சேதி சொன்னால் அதில் உப்புக் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

காரைக்கால் கரையோரத்தில், கிளிஞ்சல்மேட்டுக்கும் கோட்டுச்சேரிமேட்டுக்கும் நடுவே, நூற்றுச் சொச்சம் வீடுகளோடு இருக்கிறது பாலையடி. ஊருக்கே அந்த மரத்தின் பெயர்தான். காட்டு மரம். யாரும் நட்டு வைத்ததில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. இரண்டு பேர் கைகோர்த்தால்தான் அடிமரத்தைக் கட்டிப் பிடிக்க முடியும். சுனாமியின்போது ஐஸ் கொட்டகையையும் பதினேழு படகுகளையும் வாரிக்கொண்டு போன தண்ணீர், அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனது. அதை இந்தப் புயல் மேற்கே தள்ளிப் படுக்கவைத்துவிட்டது. கடல் பக்கத்து வேர்கள் மண்ணோடு பெயர்ந்து ஆள் உயரத்துக்கு அண்ணாந்து நின்றன. மேற்குப் பக்கத்து வேர்கள் மட்டும் மண்ணை விடவில்லை.

சித்திரையில் அது பழுக்கத் தொடங்கும். வேப்பம்பழத்தைவிடச் சற்றுப் பருத்த மஞ்சள் பழம். தின்றால் தேன்தான், ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வாயைத் திறக்க விடாது. சரியாக அந்தச் சமயத்தில்தான் மீன்பிடித் தடையும் வரும். பெரிய போட்டுகள் அறுபத்தோரு நாள் கரையேறிக் கிடக்கும், மீன் வரத்து படுத்துவிடும். ஆம்பிளைகள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், வலை பொத்துவார்கள். பொம்பளைகள் பழைய வலையை மரத்தடியில் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, கிளையை உலுக்கி, பழத்தை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். மீன் விற்ற அதே தெருக்களில், வரிச்சிக்குடியிலும் காரைக்கால் மார்க்கெட்டிலும், பாலைப்பழம் விற்பார்கள். தடைக்காலத்து நிவாரணம் குடும்பத் தலைவன் பெயரில் வரும். படகு அவன் பெயரில், வலை அவன் பெயரில். பழம் ஒன்றுதான் பாலையடிப் பொம்பளைகளுடையது. அதற்கு எந்த ஆம்பிளையும் பங்கு கேட்டதில்லை. தமிழரசிக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் தர்மலிங்கம் மெதுவாகச் சொன்னான். “எல்லாரும் தூக்குனாங்க. நா மட்டும் எப்புடி சும்மா ஒக்காந்திருக்குறது?”

அவள் பேசாவிரதத்தை அதோடு கைவிட்டாள். “எல்லாரும் கடல்ல குதிச்சா நீங்களும் குதிப்பீங்க.”

“விழுந்த மரம் தமிழு. என்ன செய்ய முடியும்?”

“விழுந்துடுச்சு. செத்துடுச்சா? நாலு நாளாச்சு, போய் எலைய பாருங்க. ஒரு எல வாடல. மேக்கால வேரு மண்ணுக்குள்ள கெட்டியா கெடக்கு. ஒரு போட்டு கவுந்தா வெறவுக்கா போடுறீங்க? நிமுத்துறீங்கல்ல?”

“போட்டு வேற, மரம் வேற.”

“ஆமா. போட்ட நிமுத்துனா ஆம்பளைக்கு சோறு. மரத்த நிமுத்துனா பொம்பளைக்கு சோறு. அதான் வேற.”

“பொம்பளைங்க கேக்கணும்னா கூட்டத்துக்கு வந்து கேட்டிருக்கணும்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கூட்டத்துக்குப் பொம்பளை போகக்கூடாது என்பது ஊருக்கே தெரிந்த கட்டு. தமிழரசி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் வலையை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் மரவாடிக்கார நீலகண்டன் ஒரு லாரியும் இரண்டு ஆட்களும் மரம் அறுக்கிற மெஷினுமாக வந்து இறங்கினார். வெளியூர்க்காரர். மரத்தைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். “செக்கு மரம்ங்க. இரும்பு. இப்பல்லாம் எங்க கெடைக்குது” என்று சிவநாதனிடம் சொல்லிவிட்டு, சுண்ணாம்புக்கட்டியால் முதல் வெட்டுக்குக் கோடு போட்டார். வேரிலிருந்து இரண்டு ஆள் உயரம் தள்ளி, அடிமரம் சற்று ஒடுங்குகிற இடம் அது.

தமிழரசி அப்போது கரையில் இருந்தாள். புயலுக்குப் பிறகு அன்றுதான் இரண்டொரு ஃபைபர் படகு போய் வந்திருந்தது. கரையில் மீன் வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. படகிலிருந்து மீனைக் கொட்டியதும், வேண்டும் என்கிறவள் தன் கூடையைக் குவியல் பக்கத்தில் கவிழ்ப்பாள். கவிழ்த்தால் அந்தக் குவியல் அவள் பேச்சில் இருக்கிறது என்று அர்த்தம். அவளாக எடுக்கிறவரை வேறு யாரும் விலை கேட்கமாட்டார்கள், படகுக்காரனும் வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டான். ஐஸ் லாரியோடு வந்த பெரிய யாவாரியானாலும் காத்துத்தான் நிற்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன்னால் சிவநாதன் அவசரத்தில் கமலாம்பாளின் கூடையைக் காலால் எத்திவிட்டார். மூன்று நாள் அவர் படகு மீனை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. முழுசாகக் கொடுவாவும் வாவலும் மணலில் நாறின. நாலாம் நாள் அவரே கூடையைத் துடைத்துக் கமலாம்பாள் கையில் கொடுத்த பிறகுதான் விஷயம் முடிந்தது.

மெஷினை முடுக்கிப் பார்க்கிற சத்தம் கரைக்குக் கேட்டது. தமிழரசி தன் கூடையைக் கவிழ்க்கக் குனிந்தவள் நிமிர்ந்தாள். முன்னால் பளபளவென்று மத்தி குவிந்து கிடந்தது. படகுக்காரன், “என்னக்கா, வேணாமா?” என்றான்.

“அத யாராச்சும் பாருங்க. எனக்கு அங்க ஒரு யாவாரம் இருக்கு” என்று கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். நடை போன வேகத்தைப் பார்த்துக் கமலாம்பாளும் பின்னாலேயே போனாள்.

நேராக மரத்திடம் போனாள். நீலகண்டனின் ஆள் மெஷினோடு கோட்டின் மேல் குனிந்திருந்தான். “தம்பி, தள்ளு” என்றாள். அவன் தள்ளினான். சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில், படுத்துக்கிடந்த அடிமரத்தின் மேல், தன் அலுமினிய அன்னக்கூடையை டங்கென்று கவிழ்த்தாள்.

நீலகண்டனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. “என்னம்மா இது, பாத்திரத்த எடு” என்றார்.

“எடுக்க முடியாதுங்க. கவுத்தாச்சு.”

“கவுத்தா?”

“இது எம் பேச்சுல இருக்கு. நா எடுக்குறவர யாரும் தொடக்கூடாது. தலைவர கேளுங்க, அவருக்கு நல்லா தெரியும்.”

சிவநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. முறையில் அவர் தமிழரசிக்கு மாமா. “என்னா தமிழரசி, வெளையாடுறியா? அது மீனுக்கு உள்ள சட்டம்.”

“மீனுக்கு மட்டும்னு எங்க மாமா எழுதி வச்சிருக்கு?”

“ஊர் கூடி முடிவு பண்ணுனது. மரவாடிக்காரர்ட்ட அச்சாரம் வாங்கியாச்சு. சாமி காரியம்.”

“சாமிக்கு மதில் வேணும்னா நாங்க மண்ணு சுமக்குறோம். யாரு வேணாங்குறா? பழம் எங்களுது, மரம் மட்டும் எப்புடி ஒங்களுதாச்சு? எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“விழுந்த மரத்துல ஏதுடி பழம்?”

“உசுரோட கெடக்கு மாமா. நீங்க அறுத்தாத்தான் சாவும்.”

இதற்குள் கமலாம்பாள் தன் கூடையை அடுத்தாற்போல் கவிழ்த்துவிட்டாள். “என் கூடையத்தான் ஒருக்கா எத்துனீங்களே, இப்பவும் எத்துங்க பாப்பம்” என்றாள். கரையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மீனை விட்டுவிட்டு வந்தார்கள். கேட்டு விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. வந்தவள் வந்தவள் கவிழ்த்தாள். அலுமினியம், பிளாஸ்டிக், காது போன கூடை, ஓட்டையை ஒட்டுப்போட்ட கூடை என்று அடிமரத்திலும் கிளையிலுமாக முப்பதுக்கு மேல் ஏறிவிட்டன. மீன் செதில் ஒட்டிய கூடைகளைச் சுற்றி ஈ மொய்த்தது. நீலகண்டனின் ஆள் மெஷினை அணைத்துத் தரையில் வைத்தான். “அலுமினியத்துல பட்டா செயின் போயிடும்ணே” என்றான்.

அந்த நேரம் பார்த்துத் தர்மலிங்கம் வந்து சேர்ந்தான். சத்தம் கேட்டு, பொத்திக்கொண்டிருந்த வலையைப் போட்டுவிட்டு வந்திருந்தான். நூல்கண்டு மடியிலேயே இருந்தது. அவனைப் பார்த்ததும் சிவநாதனின் முகம் தெளிந்தது. மனுஷன் கெட்டிக்காரர். இருபது வருஷம் பஞ்சாயத்துப் பண்ணியவருக்குச் சந்து தெரியாதா?

“வாய்யா லிங்கம். அடுத்தவ கூடைய நாங்க தொடமாட்டோம். அது முறை. பொண்டாட்டி கூடைய புருஷன் தொட்டா தப்பு கெடையாது. ஒன் வூட்டுக் கூடைய எடு. மத்தவளுங்க தன்னால எடுத்துக்குவாளுங்க.”

ஆம்பிளைகள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். இந்த ஓட்டையைத் தமிழரசி யோசிக்கவே இல்லை. புருஷன் எடுத்தால் அவள் ஒன்றும் சொல்ல முடியாது. அவன் இதுவரை ஊர் சொன்ன எதையும் மறுத்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் இந்தக் கூட்டத்துக்கு முன்னால் அழுவதைவிட மெஷினுக்குக் கழுத்தைக் கொடுக்கலாம் என்று நின்றாள்.

“எடு லிங்கம். எடுக்கலன்னா ஒன் வூட்டோட ஊருக்குப் பேச்சுவார்த்த கெடையாது. எந்தப் போட்டுலயும் ஏறமுடியாது, பாத்துக்க” என்றார் சிவநாதன்.

தர்மலிங்கம் மரத்தருகே போனான். கூடையை இரண்டு கையாலும் பிடித்தான். அது உருண்டை மரத்தின் மேல் சரியாக உட்காராமல் காற்றுக்கு லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதை அசைத்துப் பார்த்தான். கோட்டின் மேல் சரியாக வருகிற மாதிரி நகர்த்தி வைத்தான். பிறகு மடியிலிருந்து நூல்கண்டை எடுத்து, நாலு இழையாக முறுக்கி, கூடையின் ஒரு காதில் கோத்து, மரத்துக்கு அடியில் கையை விட்டு மறுபக்கம் வாங்கி, அடுத்த காதில் கோத்து இழுத்தான். மூன்று சுற்றுச் சுற்றினான். நனைய நனைய இறுகுகிற, வலையோரத்து மால்கயிற்றில் போடுகிற முடிச்சைப் போட்டு, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

“என்னய்யா பண்ணுற?” என்றார் சிவநாதன்.

“காத்துல ஆடுது சித்தப்பா. அதான்.”

“கூட்டத்துல கை தூக்குன ஆளுதானய்யா நீ?”

“தூக்குனேன். அப்ப அதுமேல கூடை இல்ல.”

தமிழரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வைதான் என்று கமலாம்பாளிடம் பிற்பாடு சொன்னாள். நீலகண்டன் கடிகாரத்தைப் பார்த்தார். “தலைவரே, ஒங்க ஊர் வழக்க முடிச்சிட்டு போன் பண்ணுங்க. எனக்கு வேற எடத்துல மரம் கெடக்கு” என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சிவநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். ஆம்பிளைகளில் பாதிப் பேர் அவர் பின்னால் போனார்கள். மீதிப் பேர் அவரவர் வீட்டுக் கூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படகு இழுக்கிற டிராக்டர் முத்துக்குமரனுடையது. கூடைகளில் ஒன்று அவன் அம்மாவுடையது. “சும்மா எத்தன நாளைக்குக் கூடைய கவுத்து வச்சிருப்பீங்க? நிமுத்தணும்னா இன்னிக்கே நிமுத்தணும். ஈரம் காஞ்சா வேரு போயிடும்” என்றான்.

வேலை தொடங்கியது. முதலில் கடல் பக்கம் பெயர்ந்த வேருக்கு அடியில் குழியை ஆழமாகப் பறித்தார்கள். கடல் ஏறிவிட்டுப் போன உப்பு மண்ணை வாரி எறிந்துவிட்டு, வயல் பக்கத்திலிருந்து களிமண் கொண்டுவந்து போட்டார்கள். பாரம் குறையத் தர்மலிங்கம் ஏறி மேல்கிளைகளில் பாதியை அரிவாளால் கழித்தான். வெட்டிய இடத்தில் எல்லாம் பால் வழிந்தது. “பாத்தீங்களா, செத்த மரத்துலயா பாலு வரும்?” என்று தமிழரசி யாரைப் பார்த்தாலும் சொன்னாள். கயிறு பட்டைக்குள் வெட்டாமல் இருக்க ஈரச் சாக்கையும் பழைய வலையையும் கூடைக்கு மேலே சுற்றி, அதன்மேல் படகு வடத்தைக் கட்டி, மறுமுனையை டிராக்டரில் மாட்டினார்கள்.

டிராக்டர் இழுத்தது. மரம் ஒரு முழம் எழுந்தது. சக்கரம் ஈரமணலில் புதைந்து சுற்றியது. படகுக்குச் செய்கிற மாதிரி சக்கரத்துக்கு அடியில் தென்னமட்டை செருகினார்கள். அப்போதும் பிடிக்கவில்லை. வடத்தில் ஆள் போட வேண்டும் என்றான் முத்துக்குமரன். நின்ற ஆம்பிளைகள் இருபது பேர்கூட இல்லை. தமிழரசி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வடத்தைப் பிடித்தாள்.

“யக்கா, போட்டு வடம். பொம்பள தொடக்கூடாது” என்றான் ஒருவன்.

“இன்னிக்கி இது மரத்து வடம். நாளைக்கி போட்டுல கட்டும்போது கழுவிக்க.”

கமலாம்பாள் அவள் பின்னால் பிடித்தாள். அதற்குப் பின்னால் வரிசையாகப் பிடித்தார்கள். ஏலேலோ பாட்டுப் போட்டு இழுக்க ஆம்பிளைகள் வெட்கப்பட்டுக்கொண்டே ஆரம்பித்தார்கள், நாலு இழுப்பில் வெட்கம் போய்விட்டது. ஒவ்வொரு முழம் எழும்போதும் அடியில் பழைய கட்டுமரக் கட்டையை முட்டுக் கொடுத்தார்கள். கை தோல் உரிந்தது. வெயில் சாயும்போது மரம் முக்கால்வாசி நிமிர்ந்திருந்தது. இன்னும் ஒரு இழுப்பு என்றான் முத்துக்குமரன். தர்மலிங்கம் மேற்கு வேரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “போதும். இதுக்கு மேல இழுத்தா இதுவும் போயிடும். சாஞ்சே நிக்கட்டும்” என்றான். அவரவர் கூடை தரையில் கிடந்தது. தமிழரசியின் கூடை மட்டும் இரண்டு ஆள் உயரத்தில் அடிமரத்தோடு கட்டியபடி நின்றது.

ஊர் சும்மா விடவில்லை. மறுவாரமே கூட்டம் போட்டுத் தர்மலிங்கம் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்று கட்டுப்பாடு போட்டார்கள். எந்தப் படகிலும் அவனை ஏற்றவில்லை. அவன் கிளிஞ்சல்மேட்டுக்குப் போய்க் கூலிக்கு வலை பொத்தினான். பாலையடிப் பொம்பளைகள் கூட்டம் போடவில்லை. சிவநாதனின் படகு கரையேறினால் யாரும் கூடையைக் கவிழ்க்கவில்லை, அவ்வளவுதான். அவர் காரைக்காலுக்குத் தன் செலவில் வண்டி பிடித்து மீன் அனுப்பினார். தினமும் பிள்ளைகளும் பொம்பளைகளும் குழாயடியிலிருந்து மரத்துக்குக் குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றினார்கள். மார்கழியில் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியது. மொட்டை மரத்தைப் பார்த்து, கூடையை இறக்கி, மரத்தை எரித்த சாம்பலை அதிலேயே அள்ளிக்கொள்ளட்டும் என்று கோயில் வாசலில் சிரித்தார்கள். தமிழரசி அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தை இரண்டாக்கினாள்.

தையில் ஒரு கிளையின் நுனியில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. மாசியில் தர்மலிங்கத்தை ஒரு படகுக்காரன் கூப்பிட்டான், பிறகு இன்னொருவன் கூப்பிட்டான். கட்டுப்பாட்டை யாரும் எடுத்துவிட்டதாக அறிவிக்கவில்லை. கோயில் மதிலுக்குப் பொம்பளைகள் சொன்னபடியே மண் சுமந்தார்கள். அச்சாரம் திரும்பிப் போனது.

தடைக்காலம் வந்தது. வலையை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். அந்த வருஷம் விழுந்தது மொத்தமே ஒரு கூடைப் பழம். பஸ் ஏறி விற்க ஒன்றும் இல்லை. வீட்டுக்கு ஒரு கை என்று தமிழரசி மரத்தடியில் உட்கார்ந்து பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். சிவநாதன் அந்தப் பக்கமாக வந்தார். வந்தவர் போகாமல் நின்றார்.

“வாங்க மாமா” என்று ஒரு கை அள்ளி நீட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்து வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். அலுமினியக் கூடை வெயிலில் மின்னியது.

“அந்தக் கூடைய எறக்கிடேன் தமிழரசி. மரந்தான் நின்னுடுச்சே. ரெண்டு மைலு தள்ளிப் போனாலும் கடல்லேந்து தெரியுதாம். பயலுவ அத வச்சித்தான் கர புடிக்கிறானுங்க. கூடையடின்னு ஊருக்குப் பேரு வச்சிருக்கானுங்க, கேக்க நல்லாவா இருக்கு?”

முத்துக்குமரன் வீட்டில் நீள ஏணி இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“எட்டலயே மாமா” என்றாள் தமிழரசி.

சிவநாதன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பாலைப்பழத்துப் பால் இரண்டு உதட்டையும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அடுத்த வீட்டுப் பங்கை எண்ணத் தொடங்கினாள்.